வளர்த்தவர் கைக்கு என்ன வருகிறது?

நண்பர்களே,

2003 ஆகஸ்டில் பாரிஸில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் (தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் ஓட்டம்) தங்கம் கத்தாருக்குப் போனது. ஓடியவர் சைஃப் சயீத் ஷாஹீன். அந்த மாதத் தொடக்கத்தில்கூட அவர் ஸ்டீபன் செரோனோ, கென்யர். அதே ஓட்டத்தில் அவருடைய உடன்பிறந்தவர் கென்யாவுக்காக ஓடினார். ஆயுள் முழுக்க மாதம் 1000 டாலர் தருவதாகக் கத்தார் ஒப்புக்கொண்டது என்று அப்போது செய்தி வந்தது.

அவரைத் துரோகி என்பது அநியாயம். ஒலிம்பிக்கில் ஒரு ஓட்டத்துக்கு ஒரு நாடு மூன்று பேரைத்தான் இறக்கலாம். கென்யத் தேர்வில் நான்காவதாக வருபவர், பல நாடுகளின் முதல் ஆளைவிட வேகமானவர். அவரை வீட்டில் உட்காரச் சொல்ல நாம் யார்?

கேட்க வேண்டியது வேறு. அவரைச் சிறுவயதில் பழக்கிய பள்ளிக்கும் பயிற்சியாளருக்கும் விதிப்படி என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. 2017-ல் நாடு மாறுவதை நிறுத்திவைத்த சர்வதேசத் தடகளச் சம்மேளனம், 2018-ல் புது விதி போட்டது: 20 வயது நிறைய வேண்டும், மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும், ஒரே முறைதான் மாறலாம். சிறுவர்களை அள்ளிக்கொண்டு போவதற்கு அது தடை போடுகிறது, நல்லதுதான். ஆனால் வளர்த்தவர் கை அப்போதும் வெறுங்கைதான்.

கால்பந்தில் 2001 முதல் ஒரு வழி உண்டு. ஒப்பந்தம் முடியும் முன் வீரர் ஒருவர் விலைக்கு வேறு நாட்டுக் கிளப்புக்குப் போனால், அந்த விலையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயதுவரை பழக்கிய கிளப்புகளுக்கு. 15 வயதுவரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், அதன்பின் ஆண்டுக்கு 0.5. செனகல் நாட்டு டக்காரில் ஒரு சின்னக் கிளப் ஒரு பையனை 12 வயதிலிருந்து 17 வரை வைத்திருந்தது என்று வையுங்கள். பின்னாளில் அவன் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு 1 கோடி யூரோவுக்குப் போகிறான். நாலு கால் ஒன்று, இரண்டு அரை ஒன்று. ஆக 2 சதவீதம். 2 லட்சம் யூரோ! அந்தக் கிளப்புக்கு மைதானமும் பந்தும் பல வருடத்துக்கு ஆயிற்று.

எங்கே கோட்டை விடுகிறார்கள்? பதிவில். பையன் எந்தத் தேதியில் சேர்ந்தான், எந்தத் தேதியில் விலகினான் என்பது தேசியச் சங்கத்தின் ஏட்டில் ஏறியிருக்க வேண்டும். அவன் ஆடியதற்கு ஊரே சாட்சி சொல்லும். ஏட்டில் இல்லாத ஆண்டுக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு. ஒப்பந்தம் தீர்ந்து விலையில்லாமல் போனாலும் இந்தப் பங்கு கிடையாது. 2022 நவம்பர் முதல் பாரிஸில் உள்ள ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ் இதைப் பிரித்துக் கொடுக்கிறது. அங்கும் கிளப்பின் கணக்கையும் பொறுப்பாளர்களையும் சரிபார்த்த பிறகே பணம் நகரும்.

தடகளத்தில் விலை இல்லையே, எதில் பங்கு கேட்பது என்பார்கள். ஒரு வீரரைத் தன் கொடிக்கு மாற்ற விண்ணப்பிக்கும் நாடு, பழக்கிய ஆண்டுகளை எண்ணி ஒரு தொகை கட்டட்டும். அந்த ரசீதின் தேதியிலிருந்து மூன்று ஆண்டுக் கணக்கு தொடங்கட்டும்.