மாற்றல் ஆர்டரோட முடியாத உறவு

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கத்தோலிக்க சாமியாருக்கும் அவர் பங்கு மக்களுக்கும், அதாவது அவர் பொறுப்புல இருக்கிற கோயிலைச் சேர்ந்தவங்களுக்கும், உள்ள பழக்கம் மாற்றல் ஆர்டர் வர்ற வரைக்கும்தான்னு நாம பழகிட்டோம், சால்வை போட்டு, ஃபோட்டோ எடுத்து, வேன் ஏத்தி விட்டுட்டா அதோட சரி. அப்படி முடியணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

போலந்துல கிராக்கோவ் நகரம், புனித ஃப்ளோரியன் பங்கு. 1949-ல அங்க உதவிப் பங்குத்தந்தையா வர்றார் கரோல் வொய்த்திவா, பின்னாடி போப் இரண்டாம் ஜான் பால் ஆனவர். அங்க இருந்தது 1951 வரைக்கும்தான், அப்புறம் ஆய்வுப் படிப்புக்கு அனுப்பிட்டாங்க, ஆனா அவரைச் சுத்தி சேர்ந்திருந்த காலேஜ் பசங்க அவரை விடல, அவரும் அவங்கள விடல. கம்யூனிஸ்ட் ஆட்சி, சாமியார் இளைஞர்களைக் கூட்டிட்டு வெளியூர் போனா வம்பு, அதனால அங்கியைக் கழட்டி வச்சுட்டு சாதாரண உடுப்புல மலை ஏறப் போவார், ஆத்துல கயாக்ங்கிற சின்னத் துடுப்புப் படகு ஓட்டப் போவார், பசங்க அவரை 'மாமா'ன்னு கூப்பிடுவாங்க. காலையில கவுத்துப் போட்ட கயாக்தான் பீடம், துடுப்பைக் கட்டினா சிலுவை, அதுல பூசை.

1958-ல இப்படி ஒரு கயாக் பயணத்துல இருக்கும்போதுதான் வார்சாவுக்கு வரச்சொல்லி அழைப்பு, போய்ப் பார்த்தா துணை ஆயரா நியமிச்சிருக்காங்க, வயசு 38. சரின்னுட்டு திரும்ப அந்தப் பசங்ககிட்டயேதான் வந்தார். இனிமே உங்கள எப்படிக் கூப்பிடறதுன்னு கேட்டவங்களுக்கு, மாமா மாமாவாவேதான் இருப்பேன்னு சொல்லிட்டார். எனக்கு இந்த இடம் ரொம்ப ரொம்பப் பிடிக்கும்.

அந்தக் கூட்டத்துல ஒருத்தர் யெர்சி செசியெல்ஸ்கி, இன்ஜினியர், தண்ணியில நல்லா பழகினவர், சாமியாரை கயாக் பக்கம் இழுத்துட்டுப் போனதுல அவருக்குப் பெரிய பங்கு. 1957-ல அவர் கல்யாணத்தை மந்திரிச்சது வொய்த்திவாதான். சாமியார் சொல்வார் இவங்க கேட்பாங்கன்னு ஒருபக்கமா இருந்த உறவு இல்ல இது. காதல், தாம்பத்யம் பத்தி அவர் எழுதினப்போ அந்த எழுத்தை இவங்ககிட்டதான் பேசிப் பார்த்தார், குடும்பம் நடத்துறதுன்னா என்னன்னு இந்த ஜோடிகள் வீட்டுலதான் கத்துக்கிட்டார், கல்யாணம் ஆகாதவர் வேற எங்க போய்க் கத்துக்க முடியும் சொல்லுங்க?

1970 அக்டோபர்ல யெர்சி சூடான்ல பாடம் எடுக்கப் போன இடத்துல நைல் நதியில படகு மூழ்கி இறந்துட்டார், கூட ரெண்டு பிள்ளைகளும். மனைவியும் ஒரு மகளும்தான் மிச்சம். வொய்த்திவா அப்ப கர்தினால், எவ்வளவோ வேலை, ஆனாலும் தானே உட்கார்ந்து நண்பனைப் பத்தி நினைவுக் கட்டுரை எழுதினார். 1994-ல, போப் ஆகி 16 வருஷம் கழிச்சு வந்த புத்தகத்துலயும் அந்தப் பேரைச் சொல்றார்.

மத்தவங்களோடயும் கடிதம் நிக்கல. அவங்க பிள்ளைகுட்டிகளைக் கூட்டிக்கிட்டு காஸ்டல் காண்டோல்ஃபோவுல இருந்த போப்போட கோடை வீட்டுக்கே போய்ப் பார்ப்பாங்க, உலகத்துக்கே போப், இவங்களுக்கு அதே மாமா. அந்தப் பங்குல அவர் வேலை பார்த்தது ரெண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல, அங்க கிடைச்சவங்க 2005-ல அவர் கண்ணை மூடற வரைக்கும் கூட இருந்தாங்க.