விரிசலை ஒட்டுறதுக்கு முன்னாடி உரசலைத் தேடுங்க

(காட்சி: மேசை மேல ஒரு வெள்ளை ஃபைபர் பெட்டி. கேமரா அதோட மூலைக்குப் போகுது.)

இது ஒரு குட்டி விமானத்தோட ஏர் பாக்ஸ். முன்னாடி இருக்கிற இந்த வாய் வழியா காத்து உள்ள வரும். நடுவுல ஃபில்டர். அதைத் தாண்டி, மேல இருக்கிற அலுமினியத் தட்டோட ஓட்டை வழியா, காத்தையும் பெட்ரோலையும் கலக்குற கார்புரேட்டருக்குப் போகும். மூலையில வெள்ளையா ஒரு கோடு தெரியுதா? அதுக்குப் பக்கத்துல தடிப்பா இருக்கிறது நான் போட்ட பேட்ச். 15 மணி நேரம் பறந்தாங்க. பேட்ச் முடியிற விளிம்புல புதுசா விட்டுருச்சு.

நமக்கு சூளகிரியில ஃபைபர் பட்டறை. பஸ் பம்பர், லாரி கேபின் மூடி, தண்ணித் தொட்டி, இதுதான் தினசரி வேலை. ஓசூர்ல டூல் ரூம்ல இருந்து ரிட்டயர் ஆன அண்ணன் ஒருத்தர், பாகங்களை கிட்டா வாங்கி சொந்தமா விமானம் கட்டினவர், இதைக் கொண்டு வந்து குடுத்தார். ஓசூர்ல விமானம்னா ஆச்சரியப்பட வேண்டாம். பேலகொண்டப்பள்ளியில தனேஜா நிறுவனத்தோட ரன்வேயும் தொழிற்சாலையும் இருக்கு, சின்ன விமானங்கள் அங்கேயே தயாராகியிருக்கு. நானும் பம்பர் ஒட்டுற மாதிரி ஒட்டிக் குடுத்துட்டேன். அதுல ரெண்டு தப்பு. சின்னதை அப்புறம் சொல்றேன், பெரியது முதல்ல: பெட்டி எங்க உரசுதுன்னு நான் தேடவே இல்ல.

(காட்சி: என்ஜின் படம். ஃபயர்வால், ரப்பர் மவுண்ட், கவுலிங் ஒவ்வொண்ணா சிவப்புல.)

என்ஜினுக்குப் பின்னாடி இருக்கிற தடுப்புத் தகடுதான் ஃபயர்வால். என்ஜினை அதுல நேரா போல்ட் பண்ணியிருக்காது. நடுவுல ரப்பர் மவுண்ட் இருக்கும். நம்ம ஆட்டோ ஐட்லிங்ல நிக்கும்போது என்ஜின் ஆடுறதைப் பார்த்திருப்பீங்க, அதே கதை. ஆனா என்ஜினை மூடியிருக்கிற கவுலிங் ஆடாது, அது விமானத்தோட உடம்போட சேர்த்துப் பூட்டினது. ஏர் பாக்ஸ் எங்க தொங்குது? கார்புரேட்டர்ல. கார்புரேட்டர் என்ஜின்ல. அப்போ பெட்டி என்ஜினோட ஆடும். அதோட வாய் மட்டும் ஆடாத கவுலிங்குக்குள்ள நுழைஞ்சு நிக்குது. ரெண்டும் சந்திக்கிற அந்த ஒரு இடத்துலதான் எல்லாப் பிரச்சனையும் ஆரம்பிக்குது.

பறக்கும்போது ஆட்டம் சின்னதுதான், ஆனா எண்ணிக்கையைப் பாருங்க. லைகமிங் ஓ-320 நாலு சிலிண்டர் என்ஜின். 2,700 சுத்துல ஓடினா ஒரு நொடிக்கு 45 சுத்து, ஒரு சுத்துக்கு ரெண்டு வெடிப்பு, ஆக நொடிக்கு 90 உதை. ஒரு மணி நேரத்துக்கு 3,24,000. பெரிய ஆட்டம் எப்ப தெரியுமா? ஸ்டார்ட் பண்ணும்போதும் ஆஃப் பண்ணும்போதும். கடைசி ரெண்டு மூணு சுத்துல என்ஜின் உதறிட்டு நிக்கும் பாருங்க, அந்த உதறல்லதான் பெட்டி வாய் கவுலிங்ல போய் இடிக்கும். பார்க்கிங்ல நிக்கும்போது கை விட்டுப் பார்த்தா இடைவெளி தாராளமா இருக்கும். அதை நம்பித்தான் நானும் ஏமாந்தேன்.

(காட்சி: அண்ணன் கையில மார்க்கிங் ப்ளூ டப்பா.)

அண்ணன் செஞ்சதைப் பாருங்க. டூல் ரூம்ல டை பொருந்துதான்னு பார்க்க நீல மை தடவுவாங்க. அதைப் பெட்டி வாயைச் சுத்தி மெல்லிசா தடவினார். கவுலிங் மாட்டி, ஸ்டார்ட் பண்ணி, ரெண்டு நிமிஷம் ஓட்டி ஆஃப் பண்ணி, திரும்பக் கழட்டினோம். கவுலிங் உள்பக்கம் இடது கீழ் மூலையில விரல் அகலத்துக்கு நீலம். நான் ஒட்டின விரிசலுக்கு நேர் எதிர்ல! மை இல்லன்னா லிப்ஸ்டிக் போதும். ஓட்டாம வெறும் இடைவெளியை அளக்கணும்னா சப்பாத்தி மாவு உருண்டை வெச்சு கவுலிங்கை மூடித் திறங்க, நசுங்கின கனம்தான் இடைவெளி. மாவை உள்ள மறந்துட்டு ஸ்டார்ட் பண்ணிடாதீங்க.

மை இல்லாமலும் ஓரளவு படிக்கலாம். உரசின ஃபைபர் பளபளன்னு இருக்கும். உரசின அலுமினியத்தைச் சுத்திக் கருப்பா மாவு படிஞ்சிருக்கும், எண்ணெய் அழுக்குன்னு துடைச்சுப் போட்டுடாதீங்க.

அப்போ பரிகாரம் என்ன? வாயைச் சுத்தி வெட்டி, எல்லாப் பக்கமும் சுமார் அரை இஞ்ச் விட்டோம். அந்த இடைவெளியைத் துணி வெச்ச சிலிக்கான் ரப்பர் பட்டையால மூடினோம். பட்டை ஒரு பக்கம் மட்டும் பிடிச்சிருக்கணும், மறுபக்கம் சும்மா சாஞ்சு நிக்கணும். ரெண்டு பக்கமும் ரிவெட் அடிச்சா பழையபடி இழுக்க ஆரம்பிச்சுடும்.

இப்ப என்னோட சின்னத் தப்பு. பம்பருக்குப் போடுற பாலியெஸ்டர் ரெசினும் பொடி மேட்டும்தான் (நெய்யாத, துண்டு துண்டான கண்ணாடி நார் பாய்) இதுக்கும் போட்டேன். இந்தப் பெட்டி எபாக்சியில வார்த்தது. காய்ஞ்ச எபாக்சி மேல பாலியெஸ்டர் சரியாப் பிடிக்காது, நகம் விட்டா தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. அதுபோக நான் தடிப்பா போட்டதால அந்த இடம் மட்டும் விறைப்பாகி, பேட்ச் முடியிற கோட்டுல வளைவு மொத்தமும் சேர்ந்துருச்சு. மறுபடி செய்யும்போது விரிசலைச் சுத்திச் சரிவா தேய்ச்சேன், 1 மில்லி கனத்துக்கு 12 மில்லி நீளச் சரிவு. நெய்த கண்ணாடித் துணியை ஒண்ணுக்கு மேல ஒண்ணு கொஞ்சம் பெருசா வெட்டி, எபாக்சியில ஒட்டினேன். விரிசல் நிஜமா இல்ல பெயிண்ட் மட்டுமான்னு சந்தேகம் வந்தா பின்னாடி டார்ச் அடிங்க. கண்ணாடி நார் விட்டிருந்தா அந்த இடம் தனியா தெரியும்.

(காட்சி: அலுமினியத் தட்டு. போல்ட் ஓட்டை ஒண்ணுல முடி மாதிரி கோடு.)

தட்டுலயும் பாருங்க. கூர்மையான மூலை, பிசிறு எடுக்காத ஓட்டை, ரெண்டுலயும் விரிசல் பிறக்கும். அலுமினியத்துக்கு ஒரு கெட்ட குணம், எவ்வளவு சின்ன ஆட்டமா இருந்தாலும் கணக்கு வெச்சுக்கும். மூலையை உருட்டுங்க, ஓட்டை விளிம்பைத் தேய்ங்க. விரிசல் முனையில 3 மில்லி ஓட்டை போட்டு நிறுத்துறது ஊர் திரும்பி வர்ற வரைக்கும்தான், தட்டை மாத்தியே ஆகணும்.

ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல இருக்கிற ஒவ்வொரு நட்டு, ரிவெட்டு, வாஷரும் கழண்டா என்ஜின் வயித்துக்குள்ளதான் போகும். கார்ப் ஹீட் கதவோட கீல் அங்கதான் இருக்கு. பாப் ரிவெட் அங்க வேண்டாம், உள்ள நிக்கிற ஆணித்தண்டு ஒரு நாள் ஆடி ஆடி வெளிய வந்துரும். அதுக்காகக் கதவையே எடுத்துடலாமான்னு கேக்காதீங்க. ஓசூர் பனிக்காலைல கார்புரேட்டருக்குள்ள ஐஸ் பிடிக்கும், அப்ப சூடான காத்தைத் திறந்துவிடுறது அந்தக் கதவுதான்.

ஒரு சின்ன விரிசலால என்ன ஆயிடும்னு கேப்பீங்க. இந்த இடத்துல நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. கார்புரேட்டருக்கு முன்னாடி விரிசல் விட்டா பெட்ரோல் கலவை பெருசா மாறாது, ஃபில்டரைச் சுத்திக்கிட்டுத் தூசி உள்ள போகும். நம்ம மாவட்டத்துல அது சாதாரணத் தூசி இல்ல. கிரானைட் அறுக்கிற ஊரு, கல்லுத் தூள்ல குவார்ட்ஸ் இருக்கு, அது சாதாரண இரும்பை விடக் கடினம். சிலிண்டர் சுவரை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

கார்புரேட்டருக்குப் பின்னாடி விட்டா வேற கதை. ரோட்டாக்ஸ் 912னு இன்னொரு குட்டி விமான என்ஜின், அதுல கார்புரேட்டரையே ஒரு ரப்பர் ஃபிளாஞ்ச்தான், அதாவது ரப்பர் இணைப்புதான், தாங்குது. அது விட்டா பைக்ல சொல்றோமே, "ஏர் இழுக்குது"ன்னு, அதேதான். கலவை பெட்ரோல் குறைஞ்சு ஐட்லிங்ல உதறும். முழு ரேஸ்ல ஒண்ணுமே தெரியாது, ஏன்னா ஐட்லிங்லதான் உள்ள உறிஞ்சல் அதிகம். இந்த ரப்பரை 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், பார்க்க நல்லா இருந்தாலும். கனமான பெட்டியைக் கார்புரேட்டர்ல தொங்கவிட்டு எந்தத் தாங்கலும் குடுக்கலைன்னா அதுக்கு முன்னாடியே கிழியும்.

அப்புறம் பெட்டியோட அடியில இருக்கிற இந்தச் சின்ன ஓட்டை. பேட்ச் போடும்போது ரெசின்ல இதை அடைச்சுட்டேன், அண்ணன் பார்த்துத் திட்டினார். ஸ்டார்ட்டிங்ல கூடுதலா ஊத்தின பெட்ரோல் வடியிறது இது வழியாத்தான். தேங்கி நின்னு, என்ஜின் பின்வெடி அடிச்சா பெட்டிக்குள்ளயே தீ.

(காட்சி: சரி பண்ணின பெட்டி, கவுலிங் மாட்டுறாங்க.)

25 மணி நேரம் கழிச்சு அண்ணன் திரும்பவும் நீலம் தடவி ஓட்டிப் பார்த்தார். கவுலிங் உள்பக்கம் சுத்தமா இருந்துச்சு. ரப்பர் பட்டை முனையில மட்டும் ஒரு மெல்லிசு நீலக் கோடு. அது அங்க இருக்க வேண்டியதுதான்.