மின்விசிறி எப்போது அத்தியாவசியப் பொருளானது? ஊரடங்கில் பார்சல் வரலாமா, கூடாதா?

[திரையில்: காரைக்குடித் தெரு ஒன்றின் உச்சி வெயில், அடைத்துக் கிடக்கும் மின்சாதனக் கடை]

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, மின்விசிறி விற்கும் கடையைத் திறக்க அனுமதி இல்லை. ஏப்ரல் 21ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு விளக்கம் வெளியிட்டது. மாணவர்களுக்கான பாடப்புத்தகக் கடைகளையும் மின்விசிறிக் கடைகளையும் திறக்கலாம் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. இடைப்பட்ட நான்கு வாரங்களில் நடந்தது ஒன்றுதான்: வெயில் ஏறியது. மார்ச் மாதக் கடைசியில் யாருக்கும் அவசரமாகத் தோன்றாத பொருள், கத்திரி வெயில் நெருங்கியதும் இல்லாமல் முடியாத பொருளாகிவிட்டது.

வணக்கம். காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். அடுத்த பெருந்தொற்று ஒன்று வந்து மீண்டும் ஊரடங்கு போட்டால், அரிசி, பருப்பு, மருந்து தவிர்த்த மற்றப் பொருள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதை அனுமதிக்கலாமா, நிறுத்திவிட வேண்டுமா என்பதுதான் இந்த வீடியோவின் கேள்வி. அனுமதிக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் இன்ன பொருள் போகலாம், இன்ன பொருள் போகக்கூடாது என்ற பட்டியலை விட்டுவிட்டு, கொண்டுவருகிறவர் எப்படிக் கொண்டுவருகிறார் என்பதற்கு விதி எழுத வேண்டும். ஏன் என்பதை முழுவதும் கேட்டுவிட்டு, மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் ஊரடங்கில் உணவு, மருந்து, மருத்துவக் கருவி போன்ற அத்தியாவசியப் பொருள்களை மட்டுமே இணையம் வழியாக விற்கலாம் என்றிருந்தது. ஏப்ரல் 15 அன்று வெளியான புதிய வழிகாட்டுதல், ஏப்ரல் 20 முதல் இணைய வணிக வாகனங்கள் ஓடலாம் என்றது. அது நடைமுறைக்கு வருவதற்கு ஒரு நாள் முன்பு, ஏப்ரல் 19 அன்று, அத்தியாவசியமற்ற பொருள்களுக்கு அந்த அனுமதி இல்லை என்று திருத்தினார்கள். மே 4 முதல் நோய்ப்பரவல் குறைந்த ஆரஞ்சு, பச்சை மண்டலங்களிலும், மே 18 முதல் நோய்க்கட்டுப்பாட்டுப் பகுதிகள் தவிர மற்ற எல்லா இடங்களிலும் எல்லாப் பொருளும் போகலாம் என்றானது. பின்னணி இவ்வளவுதான்.

[திரையில்: தென்னாப்பிரிக்க வரைபடம்]

இந்த ஆய்வுக்காகப் படித்தவற்றில் என்னை அதிகம் வியக்க வைத்தது தென்னாப்பிரிக்காவின் கதை. 2020 மார்ச் மாதக் கடைசியில் அங்கு ஊரடங்கு தொடங்கியபோது மதுவும் சிகரெட்டும் தடை செய்யப்பட்டன, துணிக்கடைகளும் மூடப்பட்டன. மே மாதம் குளிர்காலம் நெருங்கியது. மக்களுக்குக் குளிருக்கான துணி வேண்டும் என்று அரசு உணர்ந்து, எந்தெந்தத் துணியை விற்கலாம் என்று மே 12 அன்று அரசிதழில் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதைப் படித்துப் பார்த்தால் நாம் பேசும் பிரச்சினை முழுவதும் அதற்குள் இருக்கிறது. அரைக்கை டி-சர்ட்டை விற்கலாம், ஆனால் குளிருக்கு உள்ளே அணியும் உடை என்று சொல்லிக் காட்சிக்கு வைத்தால் மட்டுமே விற்கலாம். கணுக்காலுக்கு மேல் நிற்கும் கால்சட்டையை விற்கலாம், ஆனால் பூட்சும் இறுக்கமான உள்கால்சட்டையும் சேர்த்து அணிவதாக இருந்தால் மட்டுமே விற்கலாம். முன்பக்கம் மூடிய காலணிக்கு அனுமதி உண்டு. அந்தக் கால்சட்டையை வாங்கிப் போனவர் வீட்டில் பூட்ஸ் போட்டாரா என்று எந்தக் காவலரால் பார்க்க முடியும்? எழுதியவர்கள் அறிவில்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பொருளைப் பிரிக்கத் தொடங்கினால் அந்தப் பாதை அங்கேதான் போய் முடியும். இரண்டே நாளில், மே 14 அன்று, மதுவும் புகையிலையும் தவிர மற்ற எல்லாவற்றையும் இணையம் வழியாக விற்கலாம் என்று அந்த நாட்டு அரசே சொல்லிவிட்டது.

இதே அனுபவம் பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ் நாட்டுக்கும் உண்டு. 2020 அக்டோபர் 23 முதல் 17 நாள்கள் அங்கு ஊரடங்கு இருந்தது. சிறிய துணிக்கடையும் பாத்திரக்கடையும் மூடியிருக்கும்போது பெரிய பல்பொருள் அங்காடி மட்டும் அவற்றை விற்பது நியாயமில்லை என்று கருதி, அங்காடிக்குள்ளும் அத்தியாவசியமற்ற பொருள்களை விற்கக்கூடாது என்றார்கள். கடைக்காரர்கள் அந்த அடுக்குகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடினார்கள். குழந்தைத் துணியும் படுக்கை விரிப்பும் கண்ணுக்குத் தெரிகின்றன, கையில் எடுக்க முடியவில்லை. ஒரு கடையில் மாதவிடாய்க்கால நாப்கின் வாங்க முடியவில்லை என்று புகார் எழ, நாப்கின் அத்தியாவசியப் பொருள்தான் என்று அரசு விளக்க வேண்டியதாயிற்று. கடைக்குள் வந்துவிட்ட ஒருவர் கூடுதலாக ஒரு போர்வையை எடுப்பதால் நோய் எந்த வகையில் பரவும் என்ற கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இல்லை.

[திரையில்: பனை ஓலைக் கொட்டான், அதற்குள் தேன்குழலும் சீப்புச் சீடையும்]

வெளிநாட்டை விட்டு நம் செட்டிநாட்டுக்கு வருவோம். திரையில் நீங்கள் பார்ப்பது பனை ஓலைக் கொட்டான், அதாவது ஓலையில் முடைந்த கூடை. புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள். உள்ளே இருப்பது பலகாரம். 2020 ஏப்ரல் மாதப் பட்டியலின்படி தேன்குழல் உணவு. ஆகவே சென்னையிலிருக்கும் பேத்திக்கு அதை அனுப்பலாம். கொட்டான் உணவு இல்லை. ஆகவே அதை விற்று அனுப்பக்கூடாது. அதே வண்டி, அதே ஓட்டுநர், அதே வாசல்படி. கூடுதலாக ஒரு மூச்சுக்காற்றுகூட யார் மீதும் படப்போவதில்லை. ஆனால் கொட்டான் முடையும் பெண்ணின் வருமானம் மட்டும் நின்றுபோகிறது.

கண்டாங்கிச் சேலைக்கும் இதே நிலைதான். காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல். அடுத்த ஆண்டு கோடையில், கல்யாணங்கள் சுருங்கி, சுற்றுலாப் பயணிகளும் வராமல், இணையத்தில் விற்கும் வழியும் அடைபட்டால், தறியில் பாதி நெய்த சேலையோடு உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? வாங்குகிறவருக்கு அந்தச் சேலை அவசரமில்லாமல் இருக்கலாம். நெய்தவருக்கு அந்த மாதத்து அரிசியே அதிலிருந்துதான் வரவேண்டும். பட்டியல் எழுதுகிறவர்கள் வாங்குகிறவர் பக்கத்திலிருந்து மட்டுமே பார்க்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

இப்போது எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் இது நேர்மையான வீடியோவாக இருக்காது. பிரான்சில் 2020 ஏப்ரல் 14 அன்று, தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில், நான்டேர் நீதிமன்றம் அமேசான் நிறுவனத்துக்கு ஓர் உத்தரவு பிறப்பித்தது. கிடங்குத் தொழிலாளர்களுக்கு உள்ள நோய் ஆபத்தை அவர்களின் பிரதிநிதிகளோடு சேர்ந்து முறையாக மதிப்பிட்டு முடிக்கும்வரை உணவு, சுகாதாரம், மருத்துவம் சார்ந்த பொருள்களை மட்டுமே அனுப்ப வேண்டும் என்றும், மீறினால் நாளொன்றுக்கு, ஒவ்வொரு மீறலுக்கும் 10 லட்சம் யூரோ அபராதம் என்றும் நீதிமன்றம் சொன்னது. நிறுவனம் அங்குள்ள ஆறு கிடங்குகளையும் மூடியது. ஏறத்தாழ 10,000 பேர் வேலை பார்த்த கிடங்குகள் அவை. மேல்முறையீட்டிலும் கட்டுப்பாடு நீங்கவில்லை. அபராதத் தொகை குறைந்தது, அனுமதித்த பொருள்களின் பட்டியல் சற்று விரிந்தது. மே 19 அன்றுதான் மீண்டும் திறந்தார்கள்.

பொருள்கள் குறைந்தால் கிடங்கில் கூட்டம் குறையும், கூட்டம் குறைந்தால் நோய் குறையும் என்பது அந்தச் சங்கத்தின் நியாயம். அதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நீதிமன்றம் முதன்மையாகக் கேட்ட கேள்வி, தொழிலாளியின் பாதுகாப்பை மதிப்பிட்டீர்களா என்பதாகும். பொருள் கட்டுப்பாடு அந்த மதிப்பீடு முடியும்வரைக்குமான இடைக்கால ஏற்பாடு. கூட்டத்தைக் குறைக்க வேண்டுமானால், ஒரு பணிநேரத்தில் இத்தனை பேர், ஒரு நாளைக்கு இத்தனை பார்சல் என்று எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாம். ஒரே நாளில் வந்து சேர வேண்டும் என்ற வாக்குறுதியை ஊரடங்குக் காலம் முழுவதும் தடை செய்யலாம். சேலை பத்து நாள் கழித்து வந்தால் யாருக்கும் நட்டமில்லை.

அட்டைப் பெட்டியைத் தொட்டால் தொற்றிவிடும் என்ற அச்சத்தை நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. 2020 மார்ச் மாத ஆய்வக முடிவு, அட்டையில் 24 மணி நேரம் வரையும் பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரையும் வைரஸ் உயிர்ப்போடு இருக்கலாம் என்று சொன்னது. ஆனால் 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், தொற்றுள்ள பரப்பைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று தெளிவுபடுத்தியது. பரப்பியது பெரும்பாலும் மனிதரின் மூச்சு.

[திரையில்: செட்டிநாட்டு வீட்டின் முகப்பு; திண்ணை; உள்ளே நீளும் கட்டுகள்]

அந்த மூச்சு எங்கே சந்திக்கிறது என்பதைக் கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீளும் பெரிய வீடு. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருப்பார்கள். வீட்டில் ஆச்சி மட்டும். மிக்சி பழுதாகிவிட்டது என்று மகனிடம் சொல்ல, அவர் அங்கிருந்தே இணையத்தில் வாங்கி அனுப்புகிறார். பார்சல் கொண்டுவரும் தம்பி முகப்பில் நின்று மணி அடித்தால், இரண்டாம் கட்டில் இருக்கும் ஆச்சிக்குக் கேட்பதில்லை. வளவு என்னும் உள்முற்றம் வரை போய்க் கூப்பிடுகிறார். “ஆச்சி, ஓடிபி சொல்லுங்க” என்கிறார். “எனக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாதுப்பா, நீயே பார்த்து எடுத்துக்க” என்று ஆச்சி அலைபேசியை நீட்டுகிறார். இருவரும் ஒரே சின்னத் திரையின் மேல் குனிகிறார்கள்.

ஆபத்து முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. மிக்சிக்குப் பதிலாக அந்தப் பெட்டியில் மருந்து இருந்திருந்தாலும் அதே ஆபத்துதான். டெல்லியில் 2020 ஏப்ரலில் பீட்சா கொண்டுபோய்க் கொடுத்த ஒருவருக்குத் தொற்று உறுதியானதும், அவர் போன 72 வீடுகளைச் சேர்ந்தவர்களைத் தனிமைப்படுத்தினார்கள். பீட்சா அனுமதிக்கப்பட்ட உணவு என்பதை நினைவில் வையுங்கள். ஊரடங்கு நாள்களில் ஓடிபியும் கையில் பணம் வாங்குவதும் கூடாது, திண்ணையில் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நின்று அலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னால் போதும் என்று விதி எழுதினால், அது எந்தப் பொருள் பட்டியலையும்விட ஆச்சியைக் காப்பாற்றும். திண்ணை நம் ஊரில் தாராளமாக இருக்கிறது.

மிக்சி வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். ஆச்சி சும்மா இருக்கமாட்டார். பழுது பார்க்கிறவர் யாராவது இருக்கிறாரா என்று தெரிந்த பையனை அனுப்புவார், அல்லது பேருந்து ஓடும் நாளில் தானே காரைக்குடிக்குக் கிளம்புவார். ஒரு வண்டிக்காரர் முப்பது வீட்டுக்குப் போவதா, முப்பது வீட்டிலிருந்தும் ஆட்கள் காரைக்குடிக் கல்லுக்கட்டிக் கடைத்தெருவுக்கு வந்து கூடுவதா என்பதுதான் நம் முன்னே உள்ள தேர்வு. வெளியே போவதை உண்மையிலேயே குறைக்க வேண்டுமென்றால், வீட்டுக்கு வருவதைக் குறைக்கக்கூடாது.

உள்ளூர்க் கடைக்காரர் இந்த இடத்தில் கோபப்படுவார். அவர் கோபம் முழுக்க நியாயமானது. செக்காலை ரோட்டில் வாடகை கொடுத்து அலைபேசிக் கடை வைத்திருப்பவரைக் கதவை அடைக்கச் சொல்லிவிட்டு, அதே அலைபேசியை எங்கோ இருக்கும் நிறுவனம் அவர் கடையைத் தாண்டிக் கொண்டுபோய் விற்பதை எப்படி ஏற்க முடியும்? 2020 ஏப்ரலில் வணிகர் அமைப்புகள் இதைத்தான் கேட்டன. ஆனால் இருவரையும் நிறுத்துவது அதற்குத் தீர்வாகாது. தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2021 மே மாதத் தளர்வில்லா ஊரடங்கில் காய்கறி வண்டிகள் தெருத்தெருவாக வந்தன. மே 31 முதல் உள்ளூர் மளிகைக் கடைகள் தொலைபேசியில் ஆர்டர் எடுத்து, காலை 7 முதல் மாலை 6 மணிவரை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அரசு அனுமதித்தது. அந்த அனுமதியைச் செருப்புக் கடைக்கும் துணிக்கடைக்கும் நீட்டித்து, கடையை மூடியபடியே விற்கும் உரிமையை எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுத்துவிடலாம். இணைய நிறுவனத்துக்கு உள்ள அனுமதி காரைக்குடிக் கடைக்கும் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் இருவருக்குமே கூடாது.

இந்த வீடியோ பயன்பட்டிருந்தால், கடை வைத்திருக்கும் உங்கள் நண்பர் ஒருவருக்கு இதை அனுப்புங்கள்.

கடைசியாக, வண்டியில் வருகிறவரைப் பற்றி. காய்ச்சல் என்று தெரிந்தும் ஒருவர் வேலைக்கு வருகிறார் என்றால், வராவிட்டால் அன்றைய காசு இல்லை என்பதுதான் காரணம். அன்று தனிமைப்படுத்தல் 14 நாள்கள். ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு 14 நாள் வருமானத்தை யார் கொடுப்பது என்பதில்தான் முழு விவாதமும் வந்து நிற்கிறது. இத்தகைய தொழிலாளர்களைச் சட்டத்தில் முதன்முதலாக வரையறுத்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பை நாடாளுமன்றம் 2020 செப்டம்பரில் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பரில். நிறுவனங்கள் தங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காடு வரை நிதிக்குத் தர வேண்டும் என்கிறது அது. தமிழ்நாடு அரசு 2023இல் இவர்களுக்கென்று நல வாரியம் அமைத்தது. இரண்டும் நல்ல தொடக்கம். ஊரடங்குக் காலத்தில் நோயுற்றால் 14 நாள் கூலி என்பதை அந்த நிதியிலிருந்து உறுதியாகக் கொடுக்கும் விதி வந்தால், எனக்கு எந்தப் பொருள் வண்டியில் போகிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. அப்படிக் கொடுக்க மறுக்கும் நிறுவனத்துக்கு, மருந்தும் உணவும் தவிர வேறு எதையும் கொண்டுபோகும் அனுமதியைத் தரக்கூடாது.

2020இலும் 2021இலும் தேவகோட்டை, காரைக்குடி, கோட்டையூர்ப் பக்கம் டெலிவரி வேலை பார்த்தவர்கள் இந்த வீடியோவைப் பார்த்தால், நோயில் படுத்திருந்த நாள்களுக்கு உங்களுக்கு ஏதாவது கிடைத்ததா என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எத்தனை நாள் படுத்தீர்கள், எவ்வளவு வந்தது என்பது போதும். அவற்றைத் தொகுத்து நல வாரியத்துக்கு மனுவாக அனுப்பப் போகிறேன்.