பதின்ம வயதுக் கோபம்: பெற்றோர் கற்றுக்கொடுக்கக்கூடியது என்ன?

(காட்சி: காரைக்குடியில் ஒரு வீட்டு வளவு, அதாவது உள்முற்றம், மாலை நேரம்.)

வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கொடுத்த அன்று, பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் வீட்டுக்குள் நுழைந்ததும் புத்தகப் பையை ஆத்தங்குடிக் கல் தரையில் வீசிவிட்டு, அறைக் கதவை அடித்துச் சாத்துகிறான். ஐயாவும் அப்பத்தாவும் பார்த்துக்கொண்டிருக்க, "என்ன திமிர் இது?" என்று அவனுடைய அப்பச்சி, அதாவது அப்பா, குரலை உயர்த்துகிறார்.

(காட்சி: மூளையின் வரைபடம்.)

அச்சம், கோபம் போன்றவற்றை எழுப்புவதில் பங்குள்ள அமிக்டலா என்னும் மூளைப் பகுதி பதின்ம வயதில் வேகமாகத் தூண்டப்படுகிறது. அந்த வேகத்துக்குக் கடிவாளம் போட வேண்டிய முன்மூளைப் பகுதியோ முழுமையாக வளர ஏறத்தாழ 25 வயது ஆகிறது. ஆகவே இதைத் திமிர் என்று மட்டும் முடிவுகட்டிவிடக் கூடாது.

கொதிப்பு அடங்காத நேரத்தில் சொல்லும் புத்திமதி காதில் ஏறாது. சற்று நேரம் கழித்து, வளவில் எல்லார் முன்னிலையிலும் அல்லாமல், வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் அவனைத் தனியே உட்காரவைத்து, "மார்க் குறைந்தது வருத்தமா, இல்லை, வகுப்பில் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தது அவமானமாகப் போய்விட்டதா?" என்று ஆத்தா, அதாவது அம்மா, கேட்கலாம். உணர்ச்சியைச் சொல்லில் வைக்கும்போது அமிக்டலாவின் செயல்பாடு தணிவதை, அமெரிக்க உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் பெரியவர்களிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவன் பதில் சொல்லாவிட்டாலும் வற்புறுத்த வேண்டாம். கேட்டதே அவனுக்குத் துணை. பிறகு, "வருத்தப்படுவதில் தப்பில்லை, கதவை அடித்துச் சாத்துவதுதான் கூடாது" என்று உணர்ச்சியையும் நடத்தையையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

"ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்று மகனையும், "பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு கோபம் ஆகாது" என்று மகளையும் வாயடைப்பது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. இது மிகவும் வருந்தத்தக்கது. ஏனென்றால், அடக்கிவைத்த உணர்ச்சி முகத்தில் தெரியாவிட்டாலும் உடலின் படபடப்பு குறைவதில்லை.

(காட்சி: தந்தையும் மகனும் திண்ணையில்.)

அப்பச்சியின் பங்குதான் பெரியது என்பேன். "நான் கத்தியிருக்கக் கூடாது, தம்பி" என்று அவரே முதலில் சொல்லும்போது, கோபப்பட்ட பிறகு எப்படித் திரும்பி வருவது என்பதை மகன் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்கிறான்.

இரண்டு வாரங்களுக்கு மேல் பிள்ளை சாப்பாட்டையும் தூக்கத்தையும் நண்பர்களையும் விட்டு ஒதுங்கியிருந்தால், அல்லது சாக வேண்டும் என்று ஒரு முறை சொன்னாலும், தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி வழி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.