சூடா, கேபிளா?

நேயர்களுக்கு வணக்கம். லேப்டாப் பழுது பார்ப்பது என் தொழில். "ரொம்பச் சூடாகிறது, திரை போய்விட்டது, மாற்றிக் கொடுங்கள்" என்று தீர்ப்போடுதான் பலரும் வருவார்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கோளாறு போட்டவுடனே வருகிறதா, ஓடி அரை மணி நேரம் கழித்து வருகிறதா?

இரவெல்லாம் அணைந்து கிடந்த மெஷின் காலையில் எழும்போதே கோடு கோடாகக் காட்டினால், பாவம், சூட்டின் மேல் பழி போடாதீர்கள். விசிறி இரையத் தொடங்கிய பிறகு திரையில் புள்ளிகளும் கட்டங்களும் முளைத்தால் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் சிப்பைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து, எச்டிஎம்ஐ கேபிளால் டிவியோடு இணைத்துப் பாருங்கள். டிவியிலும் அதே கோடுகள் என்றால் கோளாறு சிப்பில், அல்லது அதை இயக்கும் மென்பொருளான டிரைவரில். டிவியில் படம் சுத்தமாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் மூடிப் பக்கம். மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். ஒரு கோணத்தில் படம் சரியாகி, இன்னொரு கோணத்தில் துடித்தால், கீல் வழியாகப் போகும் கேபிள் தேய்ந்திருக்கும். புதுத் திரைக்குப் பணம் எடுத்து வைத்துவிட்டு, கேபிள் மட்டும் மாற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு. திரை முழுக்கக் கறுத்துவிட்டதா? டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது பின்விளக்குதான்.

சரி, சூடுதான் என்று தெரிந்துவிட்டது. கடும் வேலையில் பிராசஸர் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சகஜம். 100-ஐ நெருங்கினால் தானே வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். அடிப்பக்கத்தைத் திறந்தால் விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும். இரண்டு விரலால் பிடித்து அப்படியே உரித்தெடுக்கலாம்! காற்றடித்துச் சுத்தம் செய்வதானால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, விசிறி சுற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். சிப்பின் சூட்டைக் கடத்த அதன் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்திருந்தால் துடைத்துப் புதிதாக வையுங்கள். அப்புறம், மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள், காற்றுத் துளைகள் அடைபடும்.

இவ்வளவும் செய்த பிறகும் கட்டங்கள் வந்தால் சிப்பே அடிபட்டிருக்கலாம். ஹாட் ஏர், அதாவது சூடான காற்று, காட்டிச் சரிசெய்கிறேன் என்பார்கள் சிலர். சில வாரம் ஓடும், திரும்பப் படுத்துவிடும். நான் அந்த வேலையை எடுப்பதில்லை. வேறு யாரிடமாவது செய்துகொண்டால், படம் தெரிகிற அந்தச் சில வாரத்துக்குள் உங்கள் ஃபைல்களை வேறு டிரைவுக்கு மாற்றிவிடுங்கள்.