சுவரருகே முப்பத்துநான்கு மைக்ரான்

காற்று, நீர் ஓட்டங்களைக் கணினியில் கணக்கிடும் எங்கள் துறையில் வண்ணப் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. சிவப்பும் நீலமுமாய்ச் சுழல்கள் சுருண்டு ஓடும், பார்க்கிறவர்கள் மயங்கிப்போவார்கள். சுவரை ஒட்டிய மெஷ், அதாவது கணக்கிடும் புள்ளிகளின் வலை, சரியில்லையென்றால் அது வெறும் கோலம்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். தட்டையான தகட்டின் மேல் காற்று நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. முனையிலிருந்து 1 மீட்டர் தள்ளி, உராய்வுத் திசைவேகம் (சுவர் உராய்வின் அளவை வேகமாகச் சொல்வது) நொடிக்குச் சுமார் 0.44 மீட்டர். காற்றின் இயக்கப் பாகுநிலையை (பிசுபிசுப்பை அடர்த்தியால் வகுத்தது) அதனால் வகுத்தால் 34 மைக்ரான் வரும். தலைமுடியில் ஏறத்தாழப் பாதித் தடிமன். இந்த நீளம்தான் ஒரு சுவர் அலகு. சுவரிலிருந்து உள்ள உயரத்தை இந்த அலகில் சொல்வதே ஒய்-பிளஸ்; ஒய்-பிளஸ் 1 என்பது இந்த உயரம்தான். சுவர் வரைக்கும் தீர்ப்பதானால் முதல் புள்ளி இங்கே இருக்க வேண்டும். சுவரருகே தீர்க்காமல் வேகத்தை ஊகித்துத் தரும் சுவர்ச் சூத்திரம் போதுமென்றால் ஒய்-பிளஸ் 30-க்கு மேலே, அதாவது 1 மில்லிமீட்டருக்கு அப்பால் வைக்கலாம். பலர் 10, 15 என்று நடுவில் வைத்துவிட்டு, உராய்வு ஏன் தப்பாக வருகிறது என்று கேட்கிறார்கள். சுவரை ஒட்டி வேகம் உயரத்தோடு நேராக ஏறும், அது நேர்கோட்டு விதி; இன்னும் மேலே உயரத்தின் மடக்கையாக (log) ஏறும், அது மடக்கை விதி. அந்த இடத்தில் இரண்டுமே பொருந்தாது. இன்னொன்று: ஓட்டம் வரும் பக்கத்துப் புள்ளியின் மதிப்பையே எடுத்துக்கொள்ளும் முதற்படி அப்விண்ட் முறை நிலையாக ஓடுகிறதே என்று மகிழாதீர்கள். கணக்கு முறையே சேர்த்துவிடும் செயற்கைப் பாகுநிலை சிறு சுழல்களை விழுங்கிய அமைதி அது.

கொந்தளிப்பை ஊகிக்கும் மாடலே இல்லாமலும் தீர்க்கலாம், விலைதான் அதிகம். கிம், மொய்ன், மோசர் மூவரும் 1987-இல் இரு சுவர்களுக்கு இடையிலான ஓட்டத்தை 192×129×160 புள்ளிகளில், சுமார் 40 லட்சத்தில், தீர்த்தார்கள். உராய்வு ரெனால்ட்ஸ் எண் (சுவரிலிருந்து நடுக்கோடு வரையுள்ள தூரம், சுவர் அலகில்) 180. லீயும் மோசரும் 2015-இல் ஏறத்தாழ 5200-ஐத் தொட்டபோது 10240×1536×7680, அதாவது 12,000 கோடிப் புள்ளிகள். ரெனால்ட்ஸ் எண் ஏறியது 29 மடங்கு. புள்ளிகள் 30,000 மடங்கு! பெட்டியும் பெரிதுதான், ஆனாலும் பாருங்கள்.

இந்த வகைக் கணக்கில் விடையை எப்படி நம்புவது? ரெனால்ட்ஸ் தகைவையும் (சுழல்களின் கலக்கத்தால் வரும் இழுவிசை) பாகுத் தகைவையும் (பிசுபிசுப்பால் வருவது) கூட்டிச் சுவரிலிருந்து நடுக்கோடு வரை வரையுங்கள். நேர்கோடாக வரவேண்டும். வளைந்தால் சராசரி எடுத்த காலம் போதவில்லை, இன்னும் ஓடவிடுங்கள்.

பெட்டியின் அகலத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் வெளியேறும் ஓட்டமே மறுபக்கம் நுழைகிற பெட்டி அது. அகலத்தில் பாதித் தூரம் தள்ளியும் இரு புள்ளிகளின் வேகங்கள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால், சுழல் தன் வாலையே துரத்துகிறது என்று பொருள். சுவரருகே மெதுவாக ஓடும் கீற்றுகள் சுமார் 100 சுவர் அலகு இடைவெளியில் அமைகின்றன. நம் தகட்டில் அது 3.4 மில்லிமீட்டர். ஹிமெனெஸும் மொய்னும் 1991-இல் பெட்டியை வேண்டுமென்றே குறுக்கிக்கொண்டே போனார்கள். அகலம் ஏறத்தாழ அந்த 100 அலகுக்குக் கீழே போனதும் கொந்தளிப்பு அணைந்து, ஓட்டம் சீராகிவிட்டது.