தராசில் ஏறக் கூடாத இரும்பு

(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, அலுவல்களுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களே, மாணவர்களைக் கையோடு அழைத்து வந்திருக்கும் தொழிற்பயிற்சி நிலைய முதல்வர் அவர்களே, மேடையை அமைத்துத் தந்த நூலகர் அம்மா அவர்களே, பழைய இரும்பு வணிகர்கள் சார்பில் வந்திருக்கும் அண்ணாச்சி அவர்களே, பட்டறை வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் ஆசாரிமார்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். அண்ணாச்சி வந்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. நான் பேசப்போவதில் பாதி அவருடைய கடை வாசலில்தான் நடக்கிறது.

கொல்லுப்பட்டறையின் பழைய கருவிகளைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல நினைத்திருக்கிறேன். அவற்றின் பயன் ஒன்று, பண மதிப்பு இன்னொன்று, வரலாறு மூன்றாவது. ‘இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இராது’ என்று நம் ஊரில் சொல்வார்கள். என் பேச்சைக் கேட்டவர்களுக்கு இந்தப் பழமொழி புதிதல்ல. நான் சொல்ல வருவதெல்லாம் அதற்குள்ளேதான் இருக்கிறது.

பட்டறையில் என்னென்ன இருக்கும்? உலை, அதற்குக் காற்று ஊதும் துருத்தி, இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கல் (பேர்தான் கல், அதுவும் இரும்புதான்), சம்மட்டி, கைச்சுத்தியல், பழுத்த இரும்பைப் பிடிக்கும் குறடுகள், வெட்டிரும்பு, துளையிடும் தமர், அரம், பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. இவற்றில் குறட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டைக் கம்பியைப் பிடிக்கும் வாய் வேறு, உருண்டைக் கம்பியைப் பிடிக்கும் வாய் வேறு, கோடரியைப் பிடிக்கும் வாய் வேறு. கடையில் வாங்கியதாக இருக்காது. பெரும்பாலும் ஆசாரி தானே அடித்துக்கொண்டதாக இருக்கும். அவர் கை நீளத்துக்கு அதன் காலும், அவர் பிடிக்கு அதன் இறுக்கமும் அமைந்திருக்கும். தச்சருக்கும் கொத்தனாருக்கும் உழவருக்கும் கருவி செய்து கொடுக்கிற தொழில், தன் கருவியையும் தானே செய்துகொள்கிறது.

எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தேருக்கு முந்தின நாள் மாலை, வெள்ளோட்டம் பார்க்கும்போது சக்கரம் கழலாமல் காக்கும் கடையாணி விண்டுவிட்டது. ஊரே கூடி நிற்கிறது. நகரத்து லேத் பட்டறைக்கு ஆள் ஓடினான். “மின்சாரம் இல்லை, வந்தாலும் நாளை மறுநாள்தான் தர முடியும்” என்று பதில் வந்தது. வடம் பிடிப்பதோ மறுநாள் காலை. பெரியவர்கள் நேராக எங்கள் ஆசாரி வீட்டு வாசலில் போய் நின்றார்கள். ஆசாரிக்கு வயது எழுபதுக்கு மேல். பட்டறையைப் பூட்டிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. “ஆசாரியாரே, நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்” என்றார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். மகன்தான் தயங்கித் தயங்கி, “அப்பா, சாமான்களைப் போன வாரம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்” என்றான்.

கிழவர் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். பின்னாலேயே ஊர் நடந்தது. இரும்புக் கடையில் சைக்கிள் கூடுகளுக்கு அடியில் பட்டடைக்கல் கிடந்தது. நான்கு பேர் தூக்கி வெளியே வைத்தார்கள். கைச்சுத்தியலை அதன் மேல் லேசாக விழவிட்டார். கணீர் என்று ஒலி எழுந்தது, சுத்தியல் துள்ளி மேலே வந்தது. “உயிர் இருக்கிறது” என்றார். அவர் அன்று பேசிய முதல் பேச்சு அதுதான். விரிசல் விட்ட கல் அப்படிப் பாடாது, சுத்தியலையும் திருப்பி அனுப்பாது. சம்மட்டி கிடைத்தது. சாக்குக்குள் தமர் கிடைத்தது. குறடுகள் மட்டும் இல்லை. முதல் நாள் லாரியில் ஏறிப் போய்விட்டன. குறடு இல்லாமல் பழுத்த இரும்பை எதனால் பிடிப்பது? கூட்டம் சோர்ந்துவிட்டது. ஆசாரி சோரவில்லை. கடையில் கிடந்த நீளக் கம்பிகள் இரண்டை எடுத்தார். நீளக் கம்பியின் ஒரு நுனி உலையில் பழுத்திருந்தாலும் மறுநுனியைக் கையால் பிடிக்கலாம் அல்லவா? அன்று இரவு அவர் முதலில் அடித்தது கடையாணியை அல்ல, குறட்டை. இரண்டு கம்பியையும் தட்டையாக்கி, தமரால் துளையிட்டு, ஆணி கோத்து மடக்கினார். அந்தக் குறட்டால் பழைய லாரி அச்சுத் துண்டைப் பிடித்தார். சம்மட்டி போட இளவட்டங்கள் முறை வைத்துக்கொண்டார்கள். அவர் கைச்சுத்தியலால் எங்கே தொட்டுக் காட்டினாரோ அங்கே சம்மட்டி விழுந்தது. விடிவதற்குள் கடையாணி சக்கரத்தில் இருந்தது. தேர் நிலைக்கு வந்தது. இரும்பு பிடித்த கை சும்மா இராது என்று நான் ஓயாமல் சொல்வது அந்த இரவைக் கண்ணால் பார்த்தவன் என்பதால்தான்.

கல்லும் சம்மட்டியும் இருந்தால் மற்ற கருவிகள் அவற்றிலிருந்து பிறக்கும். பழைய கருவியின் மதிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கில் இது எங்கே வரும்?

வரலாற்றையும் தொட்டுச் செல்கிறேன். 2025 ஜனவரியில் நம் தொல்லியல் துறை வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்வதாகச் சொல்கிறது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளே கிடைத்திருக்கின்றன. புறநானூற்றின் 170-ஆம் பாடல் பிட்டங்கொற்றன் என்ற வீரனை எதோடு ஒப்பிடுகிறது தெரியுமா? ‘இரும்பு பயன்படுக்கும் கருங்கைக் கொல்லன் விசைத்தெறி கூடமொடு பொரூஉம் உலைக்கல் அன்ன வல்லாளன்’ என்கிறது. ஓங்கி இறங்கும் சம்மட்டியோடு போர் செய்து நிற்கும் பட்டடைக்கல்லைப் போன்றவனாம் அவன். புலவன் போற்றிய அந்தக் கல்லைத்தான் நாம் தராசில் ஏற்றுகிறோம். நெஞ்சு பொறுக்கவில்லை, ஐயா.

கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. வேலை செய்யாத சம்மட்டிக்குப் பிடி உளுத்துப் போகும், தோல் துருத்தி வெடித்துப் போகும். நான் மேடைதோறும் கேட்பது ஒன்றே ஒன்று: ஒன்றியத்துக்கு ஓர் ஊர்ப் பட்டறை. ஒரு கொட்டகை, ஓர் உலை, வீடுகளிலிருந்து சேர்த்த பழைய கருவிகள், வாரத்தில் சந்தை நாளிலாவது வந்து அடிக்க ஓர் ஆசாரி, அவருக்கு மாதம் தவறாத மதிப்பூதியம். திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் தமிழ்நாடே அறியும். அந்தப் பேர் பெற்ற சிவகங்கைச் சீமையில் இது தொடங்காவிட்டால் வேறு எங்கே தொடங்கும்?

தொழிற்பயிற்சி நிலைய முதல்வர் அவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். உங்கள் மாணவர்கள் எந்திரங்களை நன்றாகக் கற்கிறார்கள். தோய்ச்சல் போடும்போது, அதாவது காய்ச்சித் தோய்த்து உறுதி ஏற்றும்போது, அரிவாள் வாயில் வைக்கோல் மஞ்சள் ஓடி, பழுப்பாகி, ஊதாவாகி, நீலமாவதைக் கண்ணால் பார்த்து, எந்த நிறத்தில் நிறுத்துவது என்று ஆசாரி முடிவு செய்கிறாரே, அதை அவர் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும். வாரம் ஒரு பிற்பகல் அனுப்புங்கள். அவர்கள் கையில் ஒருமுறை சுத்தியல் ஏறட்டும். பிறகு அந்தக் கை சும்மா இராது.

பண மதிப்பைப் பற்றிப் பேச நேரம் இல்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அண்ணாச்சி அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பட்டடைக்கல்லோ துருத்தியோ குறடோ கடைக்கு வந்தால் ஒதுக்கி வைத்து நூலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். எடை போட்ட விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் வைத்திருப்பவர்கள் விற்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஊர்ப் பட்டறைக்கு இடம் கேட்டு வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களுக்குக் கொடுக்கவிருக்கும் மனு வாசலில் மேசை மீது இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுச் செல்லுங்கள். ஆசாரிமார்கள் முதலில் இடட்டும். நன்றி, வணக்கம்.